குமிழில் மாட்டிய சாவி

காற்றுக்காரம்மா தன் ஸ்கூட்டர் சாவியைத் துப்பறிவாளரின் மேஜை மேல் வைத்துவிட்டு, அது எங்காவது ஓடிவிடும் என்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை கேஸ் கீசர் குமிழ்ல மாட்டினேன் சார். என் கையால மாட்டினேன். மாட்டாம நான் விசிறிய ஓட விட்டதே இல்ல."

துப்பறிவாளர் தலையாட்டினார். ஒரு கோப்பைத் தேநீரை அரை மணி நேரம் குடிப்பவர் என்பதால் ஊரில் எல்லோருக்கும் அவர் நிதானம். அவருடைய உதவியாளர் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டாள் என்பதால் அவள் பட்டாசு. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இருவருமே திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

"உங்க ஸ்கூட்டருக்கும் அவங்க வீட்டு கீசருக்கும் என்ன மேடம் சொந்தம்?" என்றாள் பட்டாசு.

அந்த நிலையிலும் காற்றுக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வீடுகளில் காற்று எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது அவர் தொழில். வாசல் கதவைத் திறந்து, அந்த இடத்தைக் கெட்டித் துணியால் அடைத்து, நடுவில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்துவார். விசிறி வீட்டுக் காற்றை வெளியே தள்ளும். உடனே சுவரிலும் ஜன்னலிலும் உள்ள ஓட்டைகள் வழியாக வெளிக்காற்று உள்ளே பாயும். ஓட்டைகள் தாமாகவே காட்டிக்கொடுத்துவிடும்.

"ஓட்டை வழியா மட்டும் வராதும்மா. கீசர் புகை போற குழாய் இருக்குல்ல, அது வழியாவும் வரும். அந்த நேரத்துல கீசர் எரிஞ்சுட்டு இருந்தா வெளிய போக வேண்டிய புகை வீட்டுக்குள்ள திரும்பிடும். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. ஆள் தூங்கற மாதிரியே போயிடுவாங்க. அதனால முதல் வேலையே வீட்ல எரியறது அத்தனையும் அணைக்கறதுதான். கணப்புல சாம்பல் இருந்தா ஈரக் காகிதத்தால மூடுவேன். கூடத்துல விஷவாயு அலாரம் ஒண்ணு மாட்டுவேன். அப்புறம் கீசரை அணைச்சுட்டு, குமிழ்ல சாவியை மாட்டுவேன்."

"சாவி எதுக்கு?"

"வேலை முடிஞ்சு அணைச்சதைத் திரும்பப் பத்த வைக்காம கிளம்பிடக் கூடாதே. சாவிய எடுக்காம வண்டி கிளம்பாது. சாவிய எடுக்கப் போனா கீசர் ஞாபகம் வந்துடும்."

போன வாரம் மருந்துக்கடைக்காரர் வீட்டில் சோதனை நடந்தபோது கீசர் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து அறையில் படுத்திருந்த அவருடைய தங்கை மயங்கிவிட்டாள். அலாரம் அலறியதும் காற்றுக்காரம்மா விசிறியை நிறுத்தி, ஜன்னலை உடைத்து, அந்தப் பெண்ணை இழுத்து வெளியே போட்டார். பெண் பிழைத்துவிட்டாள். ஆனால் கீசர் எரிந்தது, குமிழில் சாவி இல்லை. கீசர் பக்கமே இவர் போகவில்லை என்று உரிமம் தரும் தொழில் சங்கம் முடிவுகட்டிவிட்டது. இன்று மாலை கடைசி விசாரணை. உரிமம் போனால் இனி ஒரு வீட்டு வாசலையும் அவர் மிதிக்க முடியாது.

"அந்தப் பொண்ணு வீட்ல இருந்தது தெரியுமா?" என்று கேட்டார் நிதானம்.

"தெரியாது சார். வீட்ல யார் யார் இருக்காங்கன்னு காலையில கேட்டேன். புருஷன் பெண்டாட்டி மட்டும்தான்னாங்க. நான் முன்வாசல்ல விசிறிய மாட்டிட்டிருந்தப்ப அது தலைவலின்னு காலேஜ்ல இருந்து வந்து, பின்கதவு வழியா போய்ப் படுத்துடுச்சு. ஓட விடறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை எல்லா ரூமையும் பாத்திருக்கணும். அது என் தப்பு. அதை மறைக்க மாட்டேன். கீசர் மட்டும் நான் இல்ல."

"சரி. இந்தச் சாவி உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"அன்னைக்கு அங்க தேடித் தேடிப் பாத்தேன், கிடைக்கல. நடந்தே வீட்டுக்குப் போனேன். மறுநாள் மருந்துக்கடைக்காரர் கொண்டுவந்து குடுத்தார். பத்திரமா எடுத்து வச்சிருந்திருப்பார், நல்ல மனுஷன்."

நிதானத்தின் கோப்பை உதட்டருகே நின்றது. "எங்க வச்சிருந்தாராம்?"

"அதைக் கேக்கலயே."

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

அவர் தயங்கினார். "சொன்னா பாவம் சார். என்னோட முன்னாடி கூட்டா வேலை செஞ்சவர் ஒருத்தர். இந்தச் சாவி பழக்கம் அவருக்குத் தெரியும். அன்னைக்கு எதிர்வீட்டு மரத்தடியில நின்னாருன்னு சொல்றாங்க."

கிளம்பும்போது நிதானம் வேறு எதையோ கேட்பதுபோல் கேட்டார். "அந்த வீடு எப்படி?"

"அருமையான வீடு. ஒவ்வொரு ஜன்னல் இடுக்குலயும் துணிய மடிச்சு, நாடா மாதிரி தைச்சு, அடைச்சு வச்சிருக்காங்க. சில துணிக்கு மேல் துணி. பல வருஷ வேலை. இவ்வளவு அக்கறைய நான் எந்த வீட்லயும் பாத்ததில்ல. வீட்டுக்காரர்கிட்டயே சொன்னேன்."

*

பழைய கூட்டாளியின் பட்டறையில் விசிறிகள் மட்டும்தான் இருந்தன. ஒன்றுகூடச் சுற்றவில்லை.

"இவ்வளவு விசிறி இருந்தும் புழுக்கமா இருக்கே," என்றாள் பட்டாசு.

"எல்லாம் ரிப்பேருக்கு வந்ததும்மா. நல்லா ஓடறதெல்லாம் அவகிட்ட இருக்கு." திருப்புளியைக் கீழே வைத்தார் கூட்டாளி. "எதுக்கு வந்தீங்கன்னு தெரியும். ஆமா, அன்னைக்குப் போனேன். மரத்தடியில நின்னேன்."

"எதுக்கு?"

"அவ எங்கயாவது வழுக்கி விழறாளான்னு பாக்க." சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் தொழில் ஆரம்பிச்சோம். இப்ப யார் வீடு கட்டினாலும் அவளைத்தான் கூப்பிடறாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது சார். ராத்திரி சாப்பாடு இறங்கல. போதுமா?"

பொறாமை வேடிக்கையான வியாதி. காய்ச்சல் வந்தவன் டாக்டரிடம் ஓடுகிறான். பொறாமை வந்தவன் மட்டும், யாரைப் பார்த்து வந்ததோ அவர் வாசலில் போய் நிற்கிறான்.

"உள்ள போனீங்களா?"

"போகல. போயிருக்கவும் முடியாது. விசிறி ஓடும்போது வீடே இறுக்கி மூடின டப்பா மாதிரி சார். பின்கதவை ஒரு சாண் திறந்தாலும் காத்தழுத்தம் காட்டற அளவுமானி முள் பொத்துனு விழுந்துடும். அவ அந்த முள்ளை விட்டுக் கண்ண எடுக்க மாட்டா. நான் ஜன்னல்ல விரல் வச்சிருந்தாக்கூட தெரிஞ்சிருக்கும்."

நிதானம் அங்கேயே காற்றுக்காரம்மாவுக்குத் தொலைபேசினார். முள் விழுந்ததா என்று கேட்டார். அலாரம் அடிக்கும்வரை அது இம்மியும் அசையவில்லை என்றார் அவர். விசிறி ஓடத் தொடங்கியதுமே அலாரம் அடித்ததா என்று கேட்டார். இல்லை, பாதிச் சோதனை முடிந்த பிறகுதான் என்றார்.

"பட்டாசு, கீசர் முதல்லயே எரிஞ்சிருந்தா அலாரமும் முதல்லயே அடிச்சிருக்கும். நடுவுல யாரோ பத்த வச்சிருக்காங்க."

"வெளியில இருந்து ஒரு ஈ கூட உள்ள வரல."

"ஆமா."

"அப்படின்னா காத்தே வாட்ச்மேன் வேலை பாத்திருக்கு. சம்பளம் இல்லாம." பட்டாசு விரல் விட்டு எண்ணினாள். "உள்ள இருந்தது மேடம், மருந்துக்கடைக்காரர், அவர் சம்சாரம், தங்கச்சி. நாலே பேர்."

அவர்கள் வாசல்படி இறங்கும்போது கூட்டாளி கூப்பிட்டார். "ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணினது யாருன்னு யாராவது கேட்டாங்களா?"

"நீங்களா?"

"பொண்ணை வெளிய இழுத்துப் போட்டதும் பண்ணினேன். அவகிட்ட சொல்ல வேணாம். நான் அங்க எதுக்கு நின்னேன்னு கேப்பா."

"கேக்கட்டுமே," என்றார் நிதானம் மெதுவாக. "நல்லது பண்ணினதையும் சேத்துச் சொல்லுங்க. பாதிய மட்டும் மறைச்சா மனசு சுமக்காது."

காரில் ஏறியதும் பட்டாசு சொன்னாள். "பாஸ், நான் இவர்தான்னு அடிச்சுச் சொல்ல இருந்தேன். மூஞ்சியப் பாத்தாலே வில்லன்."

"மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிக்கறதா இருந்தா கண்ணாடிக் கடைக்காரர்தான் பெரிய துப்பறிவாளர்."

*

மருந்துக்கடைக்காரர் வீட்டுக் கூடத்தில் ஒரு பொருள்கூட இடம் மாறி இருக்கவில்லை. செருப்புகள் அளந்து வைத்ததுபோல் இருந்தன. உடைந்த ஜன்னலில் புதுக் கண்ணாடி. அதன் ஓரத்தில் புது நீலத் துணி நாடா. சோபாவில் தங்கை போர்வைக்குள் சுருண்டு, சூடான பாலை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். பால் கொடுத்த அண்ணி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

"அந்தம்மா தப்பு பண்ணியிருப்பாங்கன்னு என்னால நம்பவே முடியல சார்," என்று தொடங்கினார் மருந்துக்கடைக்காரர். "என்ன பொறுப்பு. என்ன அறிவு. முதல் நாள் வந்து வீட்டைச் சுத்திப் பாத்துட்டுப் போனாங்க. ஒரு புகைக்குச்சியக் கையில வச்சுட்டு ஒவ்வொரு மூலையிலயும் காத்து எங்க போகுதுன்னு காட்டினாங்க பாருங்க, இத்தனை வருஷம் குடியிருந்த வீட்டை நான் அன்னைக்குத்தான் புரிஞ்சுக்கிட்டேன்."

சமையலறையில் ஒரு பாத்திரம் கொஞ்சம் சத்தமாக வைக்கப்பட்டது.

"குமிழ்ல சாவி மாட்டற பழக்கம் உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே சொன்னாங்களே. நான் ராத்திரி சாப்பிடும்போது வீட்லயும் சொன்னேன். இப்படி ஒரு பொறுப்பான மனுஷியப் பாக்க முடியுமான்னு கேட்டேன்."

"வீட்ல என்ன சொன்னாங்க?"

"சாம்பார் ஊத்தட்டுமான்னு கேட்டா."

பட்டாசு இருமினாள். நிதானம் அவளைப் பார்க்காமலே அடுத்ததைக் கேட்டார். "சோதனை நடக்கும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

"அந்தம்மா பக்கத்துலயே. முள்ளைப் பாத்துட்டு. ஒரு அடி நகரல."

"அவங்க ஸ்கூட்டர் சாவிய மறுநாள் கொண்டுபோய்க் குடுத்தீங்களே, அது எங்க கிடைச்சுது?"

"எங்கயும் கிடைக்கல, இருக்கற இடத்துலயே இருந்துச்சு. எங்க சாவிப்பெட்டியில, கடைசிக் கொக்கியில. நான் கடைச்சாவி எடுக்கப் போனேன், பக்கத்துல தொங்கிட்டிருந்துச்சு. அந்தம்மாவே மாட்டியிருக்காங்க. அந்த அமளியிலயும் என்ன ஒழுங்கு பாருங்க."

"பெட்டியப் பாக்கலாமா?"

சமையலறைக் கதவுக்குப் பின்னால், கதவைச் சாத்தினால்தான் கண்ணில் படும் இடத்தில், ஒரு சின்ன மரப்பெட்டி. திறந்தால் வரிசையாகக் கொக்கிகள். கடை, பரண், பின்கதவு, தண்ணீர்த் தொட்டி. ஒவ்வொரு சாவிக்கும் ஒரு கொக்கி. கடைசிக் கொக்கி காலி.

"எங்க வீட்ல சாவி கண்ட இடத்துல கிடக்காது சார்," என்று சிரித்தார் மருந்துக்கடைக்காரர். "வச்சுட்டேன்னா அன்னைக்கு எனக்கு அர்ச்சனைதான். எந்தச் சாவி கையில கிடைச்சாலும் இவ நேரா இங்க கொண்டுவந்து மாட்டிடுவா. தூக்கத்துலகூட."

அடுப்பருகே நின்றிருந்த மனைவியின் கை அப்படியே நின்றது.

பட்டாசு வாயைத் திறந்தாள். நிதானம் ஒரு விரலை உயர்த்தினார். அவள் வாயை மூடிக்கொண்டாள். அவர்கள் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கிய நாளிலிருந்து அது நடந்ததில்லை.

"ஐயா, எனக்கு ஒரு தலைவலி மாத்திரை கடையில இருந்து கொண்டுவர முடியுமா?" என்றார் நிதானம். துப்பறிவாளரே தன்னிடம் கேட்டாரே என்று மருந்துக்கடைக்காரர் உற்சாகமாகப் போனார்.

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"என்னைப் போலீஸ்ல சொல்லப் போறீங்களா?" என்றாள் அந்த அம்மாள்.

"நான் இன்னும் எதுவும் கேக்கலயேம்மா."

"கேக்க என்ன இருக்கு. கொக்கியத்தான் பாத்துட்டீங்களே." அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைக்க ஈரம் ஒன்றும் இல்லை. "கூடத்துல அவர் சிரிக்கற சத்தம் கேட்டுச்சு. என்கூட அப்படிச் சிரிச்சு எத்தனை காலம் ஆச்சு. தப்பான சிரிப்பு இல்ல, எனக்குத் தெரியும். அவர் அப்படிப்பட்டவர் இல்ல. அந்தம்மாவும் இல்ல. அதான் இன்னும் எரிஞ்சுது. சண்டை போடக்கூட ஒரு காரணம் இல்ல பாருங்க."

"ம்."

"பொறுப்பு, பொறுப்புன்னு ரெண்டு நாளா ஒரே பேச்சு. அந்தப் பொறுப்பைக் கொஞ்சம் காட்டிக்குடுப்போம்னு தோணுச்சு. சாவிய எடுத்துட்டு கீசரைப் பத்த வச்சேன். வேலை முடிஞ்சதும் அவர் வந்து பாக்கணும், என்ன இவங்க அணைக்கவே இல்லையான்னு கேக்கணும். அவ்வளவுதான் நினைச்சேன். சாவிய அங்கயே கீழ போட்டுட்டு வரணும்னுதான் இருந்தேன். கை தானா இங்க கொண்டுவந்து மாட்டிடுச்சு. மாட்டினதே எனக்கு மறுநாள்தான் தெரியும்."

"புகை உள்ள வரும்னு தெரியாதா?"

"தெரியாது. சத்தியமா தெரியாது. எதுக்கு அணைக்கறாங்கன்னு அவர் சொல்லல. எவ்வளவு பொறுப்பா அணைச்சுச் சாவி மாட்டுவாங்கன்னுதான் சொன்னார்." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இவ உள்ள படுத்திருந்ததும் தெரியாது. ஆறு வயசுல என் கையில வந்த பொண்ணு. நான் பெத்திருந்தாக்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டேன். அவளைப் போய்…"

நிதானம் அவளைத் திட்டவில்லை. தன்னைத் தானே திட்டிக்கொண்டிருக்கும் ஒருவரை இன்னொருவரும் திட்டவேண்டிய தேவையில்லை என்று நம்புகிறவர் அவர். சமையலறை ஜன்னல் ஓரத்துத் துணி நாடாவைத் தொட்டுப் பார்த்தார்.

"இதெல்லாம் யாரும்மா தைச்சது?"

"நாந்தான். குளிர் வந்தா இவளுக்கு மூச்சு இழுக்கும். வருஷா வருஷம் தைப்பேன். இந்த வீட்ல அதை யாரு பாத்தா."

"ஒருத்தங்க பாத்தாங்க."

அவள் நிமிர்ந்தாள்.

"காற்றுக்காரம்மா. இவ்வளவு அக்கறைய நான் எந்த வீட்லயும் பாத்ததில்லன்னு எங்ககிட்ட சொன்னாங்க. துணிக்கு மேல் துணி இருக்கறதைக்கூட கவனிச்சிருக்காங்க. உங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொன்னாங்களாம். அவர் உங்ககிட்ட கொண்டுவந்து சேக்கல."

அந்த அம்மாள் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டாள். தன்னை யாரும் பார்க்கவில்லை என்று எரிந்தவள், தன்னைப் பார்த்த ஒரே ஒருவரின் பிழைப்பில் நெருப்பை வைத்திருந்தாள். இறைவன் சில சமயம் நம் தண்டனையை அடியாகத் தருவதில்லை, நமக்கு வரவேண்டிய பாராட்டாகக் கொஞ்சம் தாமதமாக அனுப்பிவைக்கிறார்.

"இன்னைக்கு சாயங்காலம் விசாரணை," என்றார் நிதானம். "கொக்கி விஷயத்தை நான் போய்ச் சொன்னா அது கண்டுபிடிப்பு. நீங்க வந்து சொன்னா அது வேற. எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. நாங்க கார்ல இருக்கோம்."

"அவர் என்ன நினைப்பார்? இவ…" அவள் சொல்லி முடிக்கவில்லை. சமையலறை வாசற்படியில் போர்வையோடு தங்கை நின்றிருந்தாள்.

"எனக்குத் தெரியும் அண்ணி."

"என்ன தெரியும்?"

"நான் அப்ப முழிச்சுத்தான் படுத்திருந்தேன். உங்க நடை கேட்டுச்சு. லைட்டர் சத்தமும் கேட்டுச்சு."

"ஏன்டி இத்தனை நாளா சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்." அவள் வந்து அண்ணியின் தோளில் போர்வையின் பாதியைப் போட்டாள். "கிளம்புங்க, நானும் வரேன். ஆனா நீங்கதான் பேசணும். எனக்கு இன்னும் தொண்டை வலி."

*

மருந்துக்கடைக்காரர் மாத்திரையோடு வந்தபோது அவர் மனைவி காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். "ஏறுங்க. வழியில சொல்றேன்," என்றாள். வழியில் சொன்னாள். கேட்டு முடித்த அவர், வாங்கி வந்த மாத்திரையை நிதானத்திடம் கொடுக்க மறந்து தானே விழுங்கினார்.

"தண்ணி?" என்று பட்டாசு பாட்டிலை நீட்டினாள்.

"அந்தத் துணி விஷயத்தை நான் உன்கிட்ட சொல்லியிருக்கணும்," என்றார் அவர், பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே.

"ஆமா. சொல்லியிருக்கணும்," என்றாள் மனைவி.

விசாரணை அறைக் கதவு சாத்தப்பட்டது. உள்ளே ஒரு பெண்குரல் தடுமாறித் தடுமாறிப் பேசுவது வராந்தாவரை கேட்டது. பட்டாசு பெஞ்சில் உட்கார்ந்து நகம் கடித்தாள். வராந்தாவின் கோடியில், யார் கண்ணிலும் படாமல் நிற்பதாக நினைத்துக்கொண்டு, பழைய கூட்டாளி நின்றிருந்தார். இந்த முறை வழுக்கி விழுவதைப் பார்க்க வந்த முகமாகத் தெரியவில்லை.

கதவு திறந்தது. முதலில் வந்தவர் காற்றுக்காரம்மா. உரிமம் கையில் இருந்தது. அறைகளை இரண்டாம் முறை பார்க்காததற்கு ஒரு கண்டிப்பு, அவ்வளவுதான். பின்னாலேயே தலைகுனிந்து மருந்துக்கடைக்காரரின் மனைவி. இனி காற்றுக்காரம்மா என்ன நஷ்டஈடு கேட்டாலும் அந்த வீட்டார் கொடுக்கத் தயாராக இருப்பார்கள். பட்டாசு அதற்காகவே காத்திருந்தவள்போல் எழுந்தாள்.

காற்றுக்காரம்மா திரும்பி நின்றார். அந்த அம்மாளின் உள்ளங்கைகள் சிவந்து, விரல்நுனிகள் வெடித்திருந்ததைப் பார்த்தார்.

"அன்னைக்கு அப்புறம் கீசரை யாராவது பத்த வச்சீங்களா?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள். "தொடவே பயமா இருக்கு. பச்சத் தண்ணியிலதான் எல்லாம். இவளுக்கு மட்டும் அடுப்புல காய்ச்சிக் குடுக்கறேன்."

"அட." காற்றுக்காரம்மா பையைத் துழாவி ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். அதை அவள் கையில் வைத்து மூடினார். "இதைக் கொண்டுபோய் குமிழ்ல மாட்டுங்க. கொக்கியில இல்ல, குமிழ்ல. நான் நாளைக்குக் காலையில நடந்து வரேன். குழாயெல்லாம் பாத்துட்டு, பத்த வச்சுக் குடுத்துட்டு, சாவிய எடுத்துக்கறேன். அணைச்சதை அப்படியே விட்டுட்டு வந்தா எனக்குத் தூக்கம் வராது."

நிதானம் தன் உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார். "என்ன, ஒண்ணும் சொல்லலயா?"

பட்டாசு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நமத்துப் போச்சு பாஸ்," என்றாள்.